மூன்று டேங்க்குகளும் கொஞ்சம் வேலம்பாசியும்

ஆவடிக்காரரிடம் "டேங்க்" என்று சொன்னால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பீரங்கி வண்டி. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி அங்கேதான் உருண்டு வெளியே வந்தது. பொதுப்பணித்துறையின் பழைய ஆங்கிலக் கோப்புகளில் "அம்பத்தூர் டேங்க்", "செம்பரம்பாக்கம் டேங்க்" என்று இருந்தால் அது ஏரி. கொளத்தூர் கடைத்தெருவில் போய் "டேங்க் என்ன விலை?" என்று கேட்டால் மீன்தொட்டியைக் காட்டுவார்கள்.

மூன்றும் ஒரே சொல்தான். குஜராத்தி, மராத்தியில் நீர்நிலையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். போர்ச்சுகீசிய மொழிக்கும் இதில் பங்கு உண்டு என்பார்கள். முதல் உலகப்போரில் ஆங்கிலேயர்கள் புதிய போர் வண்டியை ரகசியமாகச் செய்தபோது, "தண்ணீர்த் தொட்டி செய்கிறோம்" என்று புளுகி வைத்தார்கள். 1916-ல் அது போர்க்களத்துக்கு வந்த பிறகும் அந்தப் புளுகுப் பெயரே நிலைத்துவிட்டது. ஆக, ஆவடி பீரங்கி வண்டிக்கும் அம்பத்தூர் ஏரிக்கும் பெயர் ஒன்று (!).

இந்தக் கட்டுரை முதல் டேங்க்கைப் பற்றியது அல்ல. மற்ற இரண்டுக்கும் நடுவில் உள்ள உறவைப் பற்றியது. அதாவது, அம்பத்தூர் - ஆவடி - பூந்தமல்லி பக்கத்து ஏரிகளில் யாரும் திரும்பிப் பார்க்காமல் வளரும் நீர்ச்செடிகளுக்கும், வீட்டு வரவேற்பறையில் நிற்கும் பெரிய கண்ணாடித் தொட்டிக்கும் உள்ள உறவு. அது இருநூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை. தரங்கம்பாடி, லண்டன், புளோரிடா என்று சுற்றிவிட்டு மறுபடி ஏரிக்கரைக்கே வந்து நிற்கிறது.

உயரம் என்ற தலைவலி

நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டரை அடி உயரம். அடுக்குமாடி வீடுகளில் ஆசைப்பட்டு வாங்கும் பெரிய தொட்டியின் அளவு ஏறக்குறைய இப்படி இருக்கும். நிரப்பினால் சுமார் 560 லிட்டர். தண்ணீர் எடை மட்டும் அரை டன்னுக்கு மேல். ஏஞ்சல் மீன் மாதிரி உயரமான மீன்களுக்கு இதைவிட அழகான வீடு கிடையாது.

ஆனால் செடி வைத்தால்தான் தெரியும் சங்கடம். விளக்கு மேலே இருக்கிறது, மண் இரண்டரை அடி கீழே. ஒளி கீழே போகப் போக விரிந்து சிதறுகிறது. மேலே உள்ள இலைகள் நிழல் விழ வைக்கின்றன. சிவப்பு நிற ஒளியைத் தண்ணீரே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. கையை உள்ளே விட்டால் தோள்பட்டை வரை நனைந்தால்தான் விரல் மண்ணைத் தொடும். புல்தரை மாதிரி படரும் குட்டிச் செடிகளைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசையாக வாங்கி நடுவார்கள். இரண்டே மாதத்தில் அவை மஞ்சளாகி அழுகும். பிறகு தொட்டியில் பிளாஸ்டிக் செடி வரும்.

இதற்கான விடை கண்ணாடித் தொட்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது. அந்த வரலாற்றில் நம்மூர்ச் செடிகள் அடிக்கடி தலைகாட்டுவதுதான் வேடிக்கை.

லண்டனில் இரண்டு மீன், ஒரு செடி

தமிழ்நாட்டில் அறிவியல் படித்த யாருக்கும் புனல் சோதனை மறக்காது. பீக்கரில் தண்ணீர், அதற்குள் ஹைட்ரில்லா கிளைகள், மேலே கவிழ்த்த புனல், அதன் மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் குமிழ் குமிழாக ஆக்சிஜன் மேலே சேரும். தணல் குச்சியைக் காட்டினால் பிரகாசமாக எரியும். ஹைட்ரில்லா என்று புத்தகம் சொல்வது வேலம்பாசியை. குழந்தைகள் ஏரியிலிருந்து கொண்டுவரும் அதே "பாசி".

இலைகள் வெயிலில் மட்டும்தான் இந்த வாயுவை விடுகின்றன என்று 1779-ல் காட்டியவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். அவர் இலைகளைத் தண்ணீருக்குள் மூழ்கடித்துத்தான் குமிழ்களைப் பார்த்தார். அதற்குச் சில வருடங்கள் முன்பு ஜோசப் பிரீஸ்ட்லி, புதினாச் செடி கெட்டுப்போன காற்றைச் சரிசெய்கிறது என்று கண்டிருந்தார். செடியும் விலங்கும் ஒன்றுக்கொன்று காற்றைக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன என்ற எண்ணம் இப்படித்தான் முளைத்தது.

அதைத் தண்ணீர்த் தொட்டியில் முறையாகச் சோதித்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர். சுமார் 12 காலன் (ஏறக்குறைய 54 லிட்டர்) கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம். அடியில் மணலும் சேறும் சில கற்களும். இரண்டு சின்ன கோல்டு ஃபிஷ். ஒரே ஒரு வகைச் செடி: வாலிஸ்னேரியா. தண்ணீரை மாற்றாமலே மீன்கள் உயிரோடு இருந்தன. ஆனால் கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. அவர் என்ன செய்தார்? சில நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது; நத்தையின் முட்டைகளை மீன் தின்றது; தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதை லண்டன் வேதியியல் கழகத்தின் இதழில் எழுதினார்.

(கோல்டு ஃபிஷ் செடியை மேயும் மீன் என்று இன்றைக்குக் கடைக்காரர்கள் எச்சரிப்பார்கள். வாரிங்டனின் இரண்டும் நல்ல பிள்ளைகள் போலிருக்கிறது.)

நேரமும் அவருக்கு ஒத்துழைத்தது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845-ல்தான் நீக்கப்பட்டிருந்தது. கண்ணாடி மலிவானது. 1853-ல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தார்கள். அதில் பங்கு வகித்த பிலிப் ஹென்றி கோஸ் 1854-ல் எழுதிய புத்தகத்தால் "அக்வேரியம்" என்ற சொல் வீடுவீடாகப் போனது.

வாலிஸ்னேரியா என்ற பேரினம் இந்திய நீர்நிலைகளிலும் பரவலாக உண்டு. நாடா மாதிரி நீண்ட இலை. மண்ணிலிருந்து நேராகக் கிளம்பி மேற்பரப்பு வரை போய், அங்கே வளைந்து படுத்துக்கொள்ளும். ஓடுதண்டு விட்டுப் பக்கத்தில் குட்டி போட்டுக்கொண்டே போகும். அதன் பூக்கும் முறை இன்னும் விசேஷம். ஆண் பூக்கள் அடியிலேயே கழன்று குமிழ்போல மேலே மிதந்து வரும். பெண் பூ நீண்ட காம்பில் மேற்பரப்புக்கு வந்து காத்திருக்கும். மகரந்தம் சேர்ந்ததும் அந்தக் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு பூவை மறுபடி கீழே இழுத்துக்கொள்ளும். "ஸ்பைராலிஸ்" என்ற இனப்பெயர் அந்தச் சுருளால் வந்தது. உயரமான தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான செடி உண்டா என்பது சந்தேகமே. உலகத்தின் முதல் "சமநிலை" தொட்டிக்கு ஏறியது அதுதான் என்பது தற்செயல் என்றாலும், நல்ல தற்செயல்.

தரங்கம்பாடி டாக்டர்

இங்கன்ஹவுஸ் குமிழ் எண்ணிக்கொண்டிருந்த அதே 1779-ல், சுவீடனில் ரெட்சியஸ் என்ற தாவரவியலாளர் ஒரு செடிக்குப் பெயர் வைத்தார்: ஆரம் ஸ்பைராலே. மாதிரி போனது தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து. அனுப்பியவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடி டேனிஷ் குடியேற்றத்துக்கு மருத்துவராக வந்தவர், பிறகு ஆற்காடு நவாபிடமும், அதன் பிறகு சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கையியலாளராக வேலை பார்த்தார். வாய்க்கால், வயல் ஓரம் என்று எங்கே எது முளைத்தாலும் பறித்துக் காயவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்த மனிதர்.

அந்த ஆரம் ஸ்பைராலேவுக்கு இன்றைய பெயர் கிரிப்டோகொரைன் ஸ்பைராலிஸ். மீன்தொட்டி வைப்பவர்கள் செல்லமாக "கிரிப்ட்" என்று அழைக்கும் செடிக்கூட்டத்தில் அறிவியல் பெயர் பெற்ற முதல் ஆள் இதுதான். நிழலில் தாக்குப்பிடிக்கும், மெதுவாக வளரும், ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் இருக்கும். உயரத் தொட்டியின் அடியிருட்டுக்குத் தேவையான குணங்கள் மொத்தமும் இதில் இருக்கின்றன. தமிழ் மருந்துக்கடையில் இதன் கிழங்குக்கு நாட்டு அதிவிடயம் என்று பெயர். கடைகளில் இன்று அதிகம் கிடைக்கும் கிரிப்ட் வகைகளான வென்டியும் பெக்கெட்டியும் இலங்கைக்காரர்கள். கடல் தாண்டிய சொந்தம்.

இன்னொன்று கொட்டி. அறிவியல் பெயர் அபோனோஜெட்டான் நாடன்ஸ். அடியில் கிழங்கு, நீருக்குள் நீண்ட இலைகள், நீர்மேல் மிதக்கும் இலைகள். கொட்டிக்கிழங்கை அவித்துத் தின்பது கிராமங்களில் பழைய வழக்கம். அவ்வையாரின் மூதுரையில் குளம் வற்றினால் பறந்துவிடும் பறவையோடு, வற்றினாலும் அங்கேயே ஒட்டிக்கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தலை ஒப்பிட்டு உறவைப் பற்றிச் சொல்லியிருப்பது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஒப்பீட்டுக்குப் பின்னால் இருக்கும் தாவரவியல் துல்லியமானது. மூன்றுக்கும் மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறது; தண்ணீர் போனாலும் அது சேற்றுக்குள் உறங்கும், மழை வந்ததும் முளைக்கும். அதே குணத்தால்தான் அபோனோஜெட்டான் வகைக் கிழங்குகளைக் காயவைத்து, பையில் போட்டு, உலகம் முழுக்க மீன் கடைகளில் விற்கிறார்கள். தண்ணீரில் போட்டால் சில வாரத்தில் செடி. வாங்குகிறவர்களுக்கு அது அதிசயம். அவ்வையார் படித்த பிள்ளைகளுக்கு அதிசயமாக இருக்கக்கூடாது.

சென்னை நகரத்துச் செடிகளையும் அதன் சுற்றுப்புறச் செடிகளையும் வரிசையாகத் தொகுத்து 1929-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் ஒரு புத்தகம் வெளியிட்டது. எழுதியவர் அங்கே பணியாற்றிய பி. வி. மயூரநாதன். 1962-ல் கே. சுப்பிரமணியம் இந்திய நீர்ப் பூந்தாவரங்களுக்கென்றே தனி நூல் எழுதினார். ஆக, நம் ஏரிகளில் என்ன வளர்கிறது என்ற கணக்கு எழுதாமல் விடப்படவில்லை. தாவரவியல் மாணவர்கள் அதைப் பரீட்சைக்குப் படித்தார்கள். மீன்தொட்டிக்காரர்கள் படிக்கவில்லை. இரண்டு கூட்டமும் சந்தித்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் இந்தக் கதையின் வருத்தமான பகுதி.

மெரினா, மூர் மார்க்கெட், கொளத்தூர்

மீன் காட்சிசாலை என்றால் சென்னைக்குப் பெருமை உண்டு. 1909-ல் மெரினா கடற்கரையில் திறந்த காட்சிசாலைதான் இந்தியாவில் முதல். அதன் மூளை எட்கர் தர்ஸ்டன், "செத்த காலேஜ்" என்று ஊர் அழைத்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக நெடுநாள் இருந்தவர். ஆனால் அது கடலோரக் காட்சிசாலை, கடல்மீன்களுக்குப் பேர்போனது. இரண்டாம் உலகப்போரின்போது அதை மூடினார்கள். நன்னீர்ச் செடிகளுக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

வீட்டில் மீன் வளர்ப்பவர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1900-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகத்திலிருந்து புறா, முயல், மீன் வரை எல்லாம் கிடைக்கும். 1985 மே மாதத் தீயில் அது போனபிறகு செல்லப்பிராணி வியாபாரம் பிராட்வே பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நகர்ந்தது. வளர்ப்போ மேற்கே, கொளத்தூரில் வேர்விட்டது. வீட்டுப் பின்புறச் சிமென்ட் தொட்டிகளில் கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் என்று குஞ்சு பொரிக்கவைத்து, ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகளில் இந்தியா முழுக்க அனுப்பும் தொழில். அரசே வண்ண மீன்களுக்குத் தனி வர்த்தக மையம் கட்ட முன்வரும் அளவுக்கு அது வளர்ந்தது. ஊர்ப்பெயரிலேயே குளம் இருக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

தொட்டியும் மாறியது. ஆரம்பத்தில் இரும்பு ஆங்கிள் ஃபிரேமில் கண்ணாடியைப் பொருத்தி, புட்டி வைத்து அடைப்பார்கள். துரு பிடிக்கும், புட்டி காயும், ஒழுகும். உயரமாகக் கட்டப் பயப்படுவார்கள். கண்ணாடியின் மேல் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பொறுத்தது அல்ல, உயரத்தைப் பொறுத்தது. 1960-களில் சிலிகான் பசை வந்தபிறகுதான் ஃபிரேமே இல்லாத முழுக்கண்ணாடித் தொட்டி சாத்தியமானது. இரண்டரை அடி உயரத் தொட்டி நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்கு வந்தது அதன் தயவில்தான்.

சமநிலை என்ற மூடநம்பிக்கை

வாரிங்டன் சோதனைக்குப் பிறகு நூறு வருடம், "செடி இருந்தால் மீனுக்கு ஆக்சிஜன் கவலை இல்லை" என்று எல்லாப் புத்தகமும் எழுதியது. 1949-ல் ஜேம்ஸ் ஆட்ஸ் என்ற அமெரிக்க மீனியலாளர் இதை வெளிப்படையாகவே கட்டுக்கதை என்று எழுதினார். அவர் வாதம் எளிமையானது. தொட்டி நீருக்கு ஆக்சிஜன் முக்கியமாக வருவது மேற்பரப்பு வழியாக, காற்றிலிருந்து. செடி பகலில் கொடுக்கும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். செடியே இல்லாத தொட்டியிலும் அளவாக மீன் விட்டால் பிழைக்கும்.

உயரமான தொட்டிக்காரருக்கு இது நேரடியான சமாச்சாரம். மேலே சொன்ன தொட்டியில் தண்ணீரின் மேற்பரப்பு எட்டு சதுர அடி. அதே தண்ணீரை ஒன்றேகால் அடி உயரத் தொட்டியில் ஊற்றினால் மேற்பரப்பு பதினாறு சதுர அடி. உயரம் கூடக்கூடத் தண்ணீர் தன் அளவுக்குக் குறைவாகவே மூச்சு விடுகிறது. சென்னை மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. அதனால் செடி நிறைய இருந்தாலும், ஃபில்டர் தண்ணீரை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து மேற்பரப்பைக் கலைத்துக்கொண்டே இருக்கவேண்டும், முக்கியமாக இரவில். மேற்பரப்பு முழுக்க மிதக்கும் இலைகள் மூடிக்கொள்ளவும் விடக்கூடாது. அவை ஒளியையும் மறைக்கும், மூச்சையும் அடைக்கும்.

சரி, செடி எதற்கு? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்ச. மீனுக்கு மறைவிடம் தர. அப்புறம் அழகுக்கு. இந்த மூன்றுமே போதுமான காரணங்கள்தான்.

அடுக்கும் கலை, ஏரியின் பாடம்

செடி அடுக்குவதை ஒரு கலையாக வளர்த்தவர்கள் டச்சுக்காரர்கள். 1930-ல் தேசிய அளவில் சங்கம் வைத்து, வீடுவீடாகப் போய் மதிப்பெண் போடும் போட்டிகள் நடத்தினார்கள். முன்னால் குட்டை, பின்னால் நெட்டை. ஒரே வகைச் செடியை முன்னிருந்து பின்னுக்குச் சாய்வாக, தெரு போல ஏற்றி நட்டால் கண்ணுக்கு ஆழம் கூடித் தெரியும். இதற்கு லைடன் நகரத்தின் பெயரால் "லைடன் தெரு" என்று பெயர்.

பிறகு வந்தார் ஜப்பானின் தகாஷி அமானோ (1954 - 2015). 1982-ல் சொந்த நிறுவனம் தொடங்கி, பாறை, மரக்கட்டை, பாசி வைத்து மலைகளையும் காடுகளையும் தொட்டிக்குள் கொண்டுவந்தார். கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்திச் செடி வளர்ப்பது அவர் பாணியின் முதுகெலும்பு. கடைசிப் பெரிய வேலை போர்ச்சுகலின் லிஸ்பன் காட்சிசாலையில் 2015-ல் திறந்த "மூழ்கிய காடுகள்": 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர்.

அமானோவின் படங்கள்தான் இன்று எல்லோரையும் மயக்குவது. ஆனால் அவற்றைப் பார்த்து அப்படியே செய்ய நினைப்பவர்கள் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு என்று அவர் காட்டிய தொட்டிகளில் பல தாழ்வானவை. புல்தரைக்கு ஒளி எட்டும். அடுத்து, அவர் தண்ணீர் மென்மையானது. ஆவடி, அம்பத்தூர் பக்கத்தில் பல வீடுகளில் வருவது போர் தண்ணீர்; பக்கெட்டில் வெள்ளைக் கறை பிடிக்கும் கடினநீர். கடையில் பஞ்சுபோலத் தொங்கும் அமெரிக்கக் கபோம்பா அதில் கரைந்தே போகும்.

ஏரிச்செடிகள் அந்த நீரைச் சமாளிக்கும். வேலம்பாசியும் வாலிஸ்னேரியாவும் கடினநீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவை. வேலம்பாசி இன்னும் ஒரு படி மேலே போகும். நீரில் கார்பன் டை ஆக்சைடு குறையும்போது சோளம், கரும்பு பயன்படுத்தும் சி4 வழிக்கு அது மாறிக்கொள்ளும். இதை 1970-களிலிருந்து அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். (ஏன் அமெரிக்கர்கள் என்பது கீழே வருகிறது.)

எப்படி அடுக்குவது என்பதையும் ஏரியே சொல்லித்தருகிறது. நம் ஏரி ஒரு பக்கம் ஆழமற்ற நீர்ப்பிடிப்பு, மறுபக்கம் கரை. மதகு இருக்கும் கரையோரம்தான் ஆழம் அதிகம். ஆழமற்ற ஓரத்தில் கோரையும் சம்பும் நீர்ப்பிரம்மியும். கொஞ்சம் உள்ளே கொட்டியும் ஆம்பலும். ஆழத்தில் வேலம்பாசியும் நாடா இலைச் செடிகளும். ஆழத்தில் குட்டைச் செடி எதுவும் வீம்பாக நிற்பதில்லை. அங்கே பிழைப்பவை இரண்டே ரகம்: மேற்பரப்பு வரை எட்டுகிறவை, இருட்டைப் பொறுத்துக்கொள்கிறவை.

உயரத் தொட்டிக்கும் அதே விதி. பின்சுவர் முழுக்க வாலிஸ்னேரியா. இரண்டரை அடி அதற்குச் சாதாரணம். பின் மூலைகளில் ஒன்றில் தண்டுச் செடிகளைக் கொத்தாக நடலாம். ஹைக்ரோஃபைலா பாலிஸ்பெர்மா நல்ல தேர்வு. அது நம் நீர்முள்ளிக்குச் சொந்தக்காரச் செடி, இந்தியாவைச் சேர்ந்தது, வெட்டிய தண்டை மண்ணில் செருகினாலே வேர்விடும். நடுவில், சரியாக மையத்தில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளி, ஒற்றையாக ஒரு அபோனோஜெட்டான். கொட்டியையே வைக்கலாம், அல்லது இந்தியா, இலங்கை இரண்டிலும் உள்ள அதன் உறவுக்காரர் கிரிஸ்பஸ், அலையலையான இலைகளோடு நீருக்குள்ளேயே நிற்கும். அதற்கு வருடத்தில் சில மாதம் ஓய்வு வேண்டும், இலை உதிர்ந்தால் செத்துவிட்டது என்று பிடுங்கி எறியக்கூடாது. ஏரி வற்றும் கோடை அதன் உடம்பில் பதிந்திருக்கிறது. ஆம்பலை வைத்தால் மிதக்கும் இலை வரும்போதெல்லாம் கிள்ளிவிடவேண்டும். அப்போதுதான் நீருக்குள் இருக்கும் இலைகள் அடர்த்தியாகும். (கடையில் "டைகர் லோட்டஸ்" என்று விற்பது ஆப்பிரிக்க அல்லி.)

முன்பக்கம் கிரிப்ட். அவை புது இடத்தில் நட்டதும் இலைகளைக் கரைத்துவிடும், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை, வேரிலிருந்து மறுபடி வரும். குட்டைச் செடி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளலாம். படிக்கட்டு. மண்ணைப் பின்னோக்கி மேடாக்கி, கற்களை அடுக்கித் தட்டுகள் செய்தால் செடியின் வேரையே விளக்குக்கு அருகில் கொண்டுபோய்விடலாம். மரக்கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் இப்படி நடு உயரத்தைச் சும்மா விடாமல் நிரப்பும். இவை மட்டும் வெளியூர் ஆட்கள், இருக்கட்டும்.

வேலம்பாசியை ஆரம்ப வாரங்களில் நிறையப் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். வேகமாக வளர்ந்து புதுத் தொட்டியின் சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், கண்ணாடியில் பச்சைப்படலம் வராது. மற்றவை வேர் பிடித்ததும் எடுத்துவிடலாம். ஆனால் எடுத்து எங்கே போடுவது என்பதில்தான் அடுத்த கதை இருக்கிறது.

இந்தியன் ஸ்டார் வைன்

1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து ஒரு நீர்ச்செடி அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனது. டாம்பா நகரத்து மீன்தொட்டிச் செடி வியாபாரி ஒருவர் வரவழைத்தது. விற்பனைக்கு வைத்த பெயர் "இந்தியன் ஸ்டார் வைன்". செடி திருப்தியாக இல்லை என்று கால்வாயில் கொட்டினார்கள். கொட்டிய இடத்தில் அது செழித்தது. 1960 வாக்கில் மயாமி கால்வாயிலும் கிரிஸ்டல் நதியிலும் கண்டுபிடித்தார்கள். அது என்ன செடி என்று புரிய அவர்களுக்குச் சில வருடம் பிடித்தது. வேலம்பாசி!

ஒரு நாளில் ஒரு அங்குலம் வரை நீளும். சின்னத் துண்டு உடைந்தாலும் புதுச் செடி. மண்ணுக்குள் கிழங்குமொட்டு, சில வருடம் உறங்கும். சாதாரணச் செடிக்குப் போதாத மங்கல் ஒளி போதும். உயரத் தொட்டிக்கு எதெல்லாம் வசதியோ, அதெல்லாம் அங்கே ஆபத்தானது. 1990-களில் புளோரிடாவில் மட்டும் லட்சம் ஏக்கருக்கும் மேல் அது பரவியிருந்தது. களைக்கொல்லி, அறுவடை இயந்திரம், புல்கெண்டை என்று கோடிக்கணக்கில் செலவு. வேலம்பாசியைத் தின்னும் பூச்சி தேடி விஞ்ஞானிகள் அதன் சொந்த ஊருக்கே வந்தார்கள். பெங்களூருவில் சேகரித்த ஒரு சின்ன ஈ 1987-ல் புளோரிடாவில் விடப்பட்டது. ஹைக்ரோஃபைலா பாலிஸ்பெர்மாவும் மீன்தொட்டி வழியாகவே அங்கே போய், அதே தடைப்பட்டியலில் இருக்கிறது.

நம்மூரில் இது தலைகீழாக நடந்தது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த வெங்காயத்தாமரை இந்திய ஏரிகளை மூடியது. கழிவுநீர் சேரும் ஏரி என்றால் அதற்கு விருந்து. பச்சைக் கம்பளம் மூடியபிறகு அடியில் ஒளி கிடையாது. வேலம்பாசி, வாலிஸ்னேரியா, கொட்டி எதற்கும் இடம் கிடையாது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபிறகு சுற்றிலும் ஊர் வளர்ந்த வேகமும் ஏரிகள் சுருங்கிய வேகமும் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019-ல் பசுமைப் பூங்கா திறந்தார்கள். நடைபாதையும் படகும் வந்தன. செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் குடிநீர் ஏரி என்பதால் காவலோடு பிழைத்திருக்கிறது. மீன்தொட்டியிலிருந்து அங்கே ஒரு பை செடியைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டாம்பா கால்வாய் சாட்சி. தொட்டியில் வெட்டிய செடியை வெயிலில் காயப்போட்டு, பூந்தொட்டிக்கு உரமாகப் போடுவது சுலபம், செலவில்லாதது.

ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செடியை எடுத்துவந்தால் நேராகத் தொட்டியில் போடக்கூடாது. நத்தை முட்டையும் தும்பிப் புழுவும் அட்டையும் கூடவே வரும் (வாரிங்டனுக்கு நத்தை வேண்டியிருந்தது, எல்லோருக்கும் வேண்டியிருக்காது). இளஞ்சிவப்பாகத் தெரியும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரில் பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, தனிப் பக்கெட்டில் இரண்டு வாரம். தும்பிப் புழு இருந்தால் அதற்குள் கண்ணில் பட்டுவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் கப்பிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கரைக்குப் போக நல்ல நேரம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சேறு படிந்து நீர் தெளிந்திருக்கும். உறங்கிய கிழங்குகளெல்லாம் அதற்குள் இலை விட்டிருக்கும்.